ஊசலும் அதன் ஆர்முடுகலும்

ஊசல் என்பது நூல்வழக்கு. ஊஞ்சல் என்பது நம் பேச்சுவழக்கு. மணிவாசகப் பெருமான் தில்லையிலே திருப்பொன்னூசல் பாடினார். சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி உண்டு. நம் தீவகத்துக் கோயில்களில் திருவூஞ்சல் பாடும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. இப்பழஞ்சொல்லையே பௌதிக நூலார், நூலிற் கட்டுண்டு ஆடும் குண்டிற்குப் பெயராக எடுத்துக்கொண்டனர்.

அக்குண்டின் வேகம் மாறும் வீதத்தை இலங்கையில் நாம் ஆர்முடுகல் என்கின்றோம். தமிழ்நாட்டார் முடுக்கம் என்பர். இரண்டிற்கும் அடி முடுகு என்பதே. யாப்பிலும் முடுகு உண்டு. விரைந்தோடும் நடைக்கு அது பெயர். தமிழாசிரியனாகிய யான் பௌதிகத்தினுட் புகத் துணிந்தது இச்சொல்லின் வழியாகவேயாம். ஆயினும், அழகிய இச்சொல்லே மாணாக்கரை மயக்கவுஞ் செய்கின்றது. முடுகுதல் விரைதல் எனக் கொண்டவன், கதி மிகும் இடத்தில் மட்டுமே ஆர்முடுகல் உண்டென்று எண்ணுவான். ஊசல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது கதி உச்சமடைந்துவிட்டது, இனி மிகுவதற்கில்லை, ஆகவே அங்கே ஆர்முடுகல் பூச்சியம் என்று எழுதிவிடுவான். அது பிழை.

வேகம் என்பது அளவும் திசையும் உடையது. கதி மாறாதிருப்பினும் திசை மாறினால் வேகம் மாறியதேயாம். வட்டத்திற் செல்லும் பொருளின் திசை கணந்தோறும் மாறுகின்றது. ஆகவே அதற்கு மையத்தை நோக்கிய ஆர்முடுகல் எப்பொழுதும் உண்டு. அதன் அளவு கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தது. கதி மாறுவதால் எழுவது தொடலி வழியேயான ஆர்முடுகல். நிலைக்குத்தோடு நூல் ஆக்கும் கோணத்தின் சைனை, புவியீர்ப்பு ஆர்முடுகலாற் பெருக்க இது கிடைக்கும். இவ்விரண்டின் விளையுளே ஊசலின் ஆர்முடுகல்.

நூலைக் கிடையாகப் பிடித்துக் குண்டை விடுவோம். விட்ட கணத்தில் கதி இல்லை. ஆனால் ஆர்முடுகல் உண்டு. அது முழுப் புவியீர்ப்பு ஆர்முடுகலே, நேர் கீழ்நோக்கியது. (நம் யாழ்ப்பாணத்தில் அது செக்கனுக்குச் செக்கன் 9.78 மீற்றர் அளவில் உள்ளது.) அடிப்புள்ளியிலோ தொடலிக்கூறு ஒழிந்துபோக, மையக்கூறு மட்டும் நிற்கின்றது. சக்திக் காப்பின்படி அங்கே கதியின் வர்க்கம், நூலின் நீளத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கிவந்ததன் இருமடங்கு. ஆகவே ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் இருமடங்காகி, நேர் மேல்நோக்கி நிற்கும். பூச்சியம் என்று எழுதப்பட்ட இடத்திலேதான் அது உச்சம்!

தொடக்கத்தில் கீழ்நோக்கியிருந்தது முடிவில் மேல்நோக்குகின்றதெனின், இடையில் எங்கோ அது கிடையாக இருந்திருத்தல் வேண்டுமன்றோ? கணித்துப் பார்க்கலாம். மையக்கூறு கோசைனின் இருமடங்கு; தொடலிக்கூறு சைன். இவற்றின் நிலைக்குத்துப் பங்குகள் ஒன்றையொன்று அழிப்பது, சைனின் வர்க்கம் கோசைனின் வர்க்கத்திற்கு இருமடங்காகும் இடத்தில். அதாவது நூல் நிலைக்குத்தோடு ஏறத்தாழ 54.7 பாகை ஆக்கும்போது. அங்கே விளையுள், புவியீர்ப்பு ஆர்முடுகலின் 1.41 மடங்கு. குண்டின் நிறையோ நூலின் நீளமோ இக்கோணத்தை மாற்றுவதில்லை. எனக்கு இக்கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது 1658 ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டில், ஒல்லாந்து நாட்டிலே ஹைகன்ஸ் என்னும் பேரறிஞர் வட்ட இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின்னரே, 1703 இல், அது அச்சேறியது. கிடைநிலையிலிருந்து விடப்பட்ட ஊசல், அடிப்புள்ளியைக் கடக்கையில், சும்மா தொங்கும்போது இழுப்பதன் மும்மடங்கு விசையோடு நூலை இழுக்கும் என்பது அந்நூலின் முடிபுகளுள் ஒன்று. இருமடங்கு ஆர்முடுகலுக்கு, ஒரு மடங்கு தன் நிறைக்கு.

இது ஏட்டுக் கணக்கன்று. சித்திரைப் புத்தாண்டில் மடத்துவெளியிலும் அயலிலும் வேப்பமரக் கிளைகளில் ஊஞ்சல் கட்டும் பெற்றோர், தும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, போதும் என்பர். போதாது. 30 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை நிலைக்குத்திலிருந்து 60 பாகை வரை ஆடினால், அடியில் கயிறுகள் 60 கிலோகிராம் நிறையைத் தாங்கல் வேண்டும். கிடைவரை போனால் 90. நின்று உன்னி ஆடுவோருக்கு இன்னுங் கூடும். கயிறு அறுவது பெரும்பாலும் பிள்ளை உயரத்தில் நிற்கையில் அன்று, மிக விரைந்து கீழே வருகையிலேயாம். பழங்கயிறு கிளையோடு உராயும் இடத்தை முதலிற் பார்த்தல் நன்று.

இனி, ஊசல் முழு வட்டமும் சுற்றுவதாயின்? நீர் நிறைந்த செம்பைக் கயிற்றிற் கட்டித் தலைக்குமேற் சுழற்றும் பிள்ளைகள் இதனை அறிவர். உச்சியில் நூல் தளராதிருக்க வேண்டுமாயின், அங்கே மைய ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலிற் குறையலாகாது. அந்த எல்லையில் நூலின் இழுவை பூச்சியம். ஆர்முடுகல் ஒரு மடங்கு. கிடைநிலையில் மையக்கூறு மும்மடங்கு; அடியில் ஐம்மடங்கு. ஆகவே அடியில் நூல் தாங்குவது குண்டின் நிறையின் ஆறு மடங்கு; இதனையும் ஹைகன்ஸ் கூறியுள்ளார். நூல் ஒரு மீற்றராயின், அடியில் செக்கனுக்கு ஏறத்தாழ 7 மீற்றரும், உச்சியில் 3.1 மீற்றரும் கதி வேண்டும். அதனிற் குறைந்தால், செம்பு உச்சியை அடையுமுன் கயிறு தளர, நீர் சுற்றுபவன் தலையிலேயே சொரியும். நூலுக்குப் பதிலாக இரும்புக் கோல் இருப்பின் கதை வேறு. கோல் தள்ளவும் வல்லது, நூல் இழுக்க மட்டுமே வல்லது.