சாக்குக்கட்டியும் கால் எலும்பும்

மாணவ நண்பர்களே, ஒரு முழுச் சாக்குக்கட்டியை இரு கைகளாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். குறுக்கே ஒடியும். இன்னொன்றை வளைக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். ஒடிந்த முகம் சுருளாக, ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

வளைக்கும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அமுங்குகிறது. சாக்குக்கட்டி அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. ஆகவே இழுபடும் பக்கத்தில் விரிசல் தொடங்குகிறது. முறுக்கும்போதோ பெரும இழுவிசை அச்சுக்கு 45 பாகைச் சாய்வில் அமைகிறது. விரிசல் அதற்குச் செங்குத்தாக ஓடுகிறது.

எலும்பும் இழுப்புக்கே எளிதில் இடங்கொடுக்கிறது. கால்பந்து ஆட்டத்தில் பாதம் தரையில் பதிந்திருக்க, உடல் திரும்பினால் கீழ்க்கால் எலும்பு சுருளாக முறியலாம். 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்களால் படமெடுத்து, எலும்பு வளைந்து முறிந்ததா, முறுக்குண்டு முறிந்ததா என்று மருத்துவர் ஊகிக்கிறார்.

ஆனால் எலும்பு வெறும் சாக்குக்கட்டி அன்று. கால்சியம் பாஸ்பேட் வகை உப்பு அதற்குக் கடினத்தையும், கொலாஜன் என்னும் புரத இழை நெகிழ்வையும் தருகின்றன. கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவையுங்கள். உப்பு கரைந்து, எலும்பு ரப்பர்போல் வளையும்! சிறுவர் எலும்பு அதிகம் வளைந்துகொடுப்பதால், சில சமயம் பச்சைக் குச்சிபோல் ஒருபுறம் மட்டும் பிளந்து நிற்கும்.

முறிவை ஒட்டவைப்பது உடலே. அங்கே இரத்தம் உறைகிறது. மென்மையான இணைப்புத் திசு வளர்கிறது. சில வாரங்களில் அதில் கால்சியம் படிந்து எலும்பாகிறது. முனைகளை நேராகப் பொருத்தி, அசையாமல் காப்பதே மருத்துவர் பணி. இதற்காகப் பாரிஸ் சாந்து பூசிய துணிக்கட்டு பற்றி டச்சு இராணுவ மருத்துவர் மத்தைசன் 1852-இல் எழுதினார். நீர் சேர்ந்ததும் சாந்து ஜிப்சமாக மாறி இறுகும், வெப்பமும் வெளிப்படும். சில முறிவுகளுக்கு உலோகத் தகடும் திருகும் தேவைப்படும்.

என் மாணவன் ஒருவன், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டோடு வகுப்புக்கு வந்தான். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அன்றே மருத்துவமனையில் கட்டை அவிழ்த்ததால் கை பிழைத்தது.

காரணம் அழுத்தம். அடிபட்ட கை வீங்கும். இறுகிய கட்டு இடந்தராததால் தசையினுள் அழுத்தம் ஏறும். அது பாதரச அளவில் 30 மில்லிமீட்டரை எட்டினாலே நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடைப்படலாம். சுமார் 6 மணி நேரத்தில் தசை மீள முடியாத சேதமடையும்.

ஆகவே நண்பன் விழுந்தால் கையை இழுக்காதீர்கள், உருவிவிடாதீர்கள். மடித்த செய்தித்தாளை அணையாக வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இறுக்கிவிடாதீர்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த நகம் சுமார் 2 விநாடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் கட்டைத் தளர்த்துங்கள். மாவுக்கட்டு போட்ட பிறகு விரல் மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஒரு கேள்வி: நீண்ட எலும்புகளின் நடுப்பகுதி ஏன் குழாய்போல் அமைந்துள்ளது? ஒரே எடையுள்ள தாளைச் சுருட்டியும் மடித்தும் வளைத்துப் பாருங்கள்.