வளர்ப்புப் பிள்ளை: வீட்டுக் கதவைத் திறக்குமுன் நாம் அறிய வேண்டியவை

சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான வரிசையில் நின்றபோது, ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கும் ஒரு தம்பதியர் எம்மிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டனர். திருமணமாகிப் பதினொரு வருடம்; பிள்ளை இல்லை. "ஊரிலே போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் ஒன்றை எடுத்து வளர்க்கலாமோ? இல்லாவிட்டால் இங்கே பார்னவார்னில் கேட்கலாமோ? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்றனர். அருகில் நின்ற ஓர் அம்மா, "பார்னவார்ன் என்றால் பிள்ளையைப் பறிக்கிற இடம், அங்கே போகாதையுங்கோ" என்றார்.

அந்த ஆசை, அந்தப் பயம் இரண்டும் எமது குடும்பங்களில் நிறைய உண்டு. ஆகையால் இம்மாதப் பாடத்தில் இவ்விடயத்தை ஒழுங்காகப் பார்ப்போம்.

1. இரண்டு வழிகள், இரண்டு நோக்கங்கள்

தத்தெடுத்தல் வேறு; வளர்ப்பு வீடாக இருத்தல் வேறு. முதலில் இதனைப் பிரித்து அறிய வேண்டும்.

தத்தெடுத்த பிள்ளை, சட்டப்படி எமக்குப் பிறந்த பிள்ளைக்குச் சமம். பெயர், வாரிசுரிமை எல்லாம் எம்முடையவை. பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு முடிந்துவிடும்.

வளர்ப்பு வீடு, அதாவது நோர்வேஜிய மொழியில் 'பொஸ்தர்யெம்', அப்படியல்ல. நாளாந்தப் பராமரிப்பு எம்முடையது: சாப்பாடு, பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தால் இரவில் விழித்திருப்பது. பிள்ளைக்கான பொறுப்பு குழந்தைகள் நலக் காப்பகமாகிய பார்னவார்னிடம் இருக்கும். பெற்றோருக்கும் சில உரிமைகள் தொடர்ந்து இருக்கும். அவர்கள் குறித்த நாட்களில் பிள்ளையைச் சந்திப்பார்கள். பிள்ளையின் பெயரையோ சமயத்தையோ நாம் எமது விருப்பத்துக்கு மாற்ற முடியாது. வெளிநாட்டுப் பயணம் என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். நிலைமை சீரானால் பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பலாம். அதற்கு உதவுவதும் எமது கடமை.

ஆகவே, "பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும்" என்ற நோக்கத்துடன் வளர்ப்பு வீடாகப் பதிவது தவறு. அங்கே தேடப்படுவது, வீடு இல்லாத பிள்ளைக்கு ஒரு வீடு. சில வளர்ப்புப் பிள்ளைகள் பின்னர் அவ்வீட்டாரால் தத்தெடுக்கப்படுவது உண்டு. ஆனால் அதை மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு தொடங்கினால், பெற்ற தாய் வந்து பார்க்கும் ஒவ்வொரு நாளும் எமக்கு வேதனையாகவே இருக்கும். அந்த வேதனையைப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

2. திருநாவலூரில் நடந்தது

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த முறை என்று எண்ண வேண்டாம். பெரியபுராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனாரின் சிறு பராயத்தை நினைத்துப் பாருங்கள். திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை, தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த திருமுனைப்பாடி அரசர் நரசிங்கமுனையரையர், பிள்ளையைக் கண்டு அன்பு மீதூர்ந்து, தந்தையிடம் கேட்டுப் பெற்றுச் சென்று தம் மகனாகவே வளர்த்தார்.

கதையின் இந்த இடத்தை நாம் அடிக்கடி வேகமாகக் கடந்துவிடுகிறோம். மூன்று செய்திகள் இதில் உண்டு. முதலாவது, அரசர் கேட்டுப் பெற்றார். அதிகாரம் கையில் இருந்தும் எடுத்துச் செல்லவில்லை. இரண்டாவது, அரச செல்வத்தில் வளர்ந்த பிள்ளை, தான் பிறந்த அந்தணர் மரபுப்படியே பூணூல் அணிந்து, கலைகள் கற்று வளர்ந்தார். வளர்த்தவர் தமது குலத்தை அவர்மீது ஏற்றவில்லை. மூன்றாவது, திருமண வயது வந்தபோது மணம் பேசியவர் பெற்ற தந்தை சடையனார். வளர்ப்புத் தந்தை இருந்தும் பெற்ற தந்தையின் இடம் அழியவில்லை.

பெற்றவர்கள் இருவரும் வளர்த்தவரும் அறுபத்துமூவருள் வைத்து வணங்கப்படுகின்றனர். இரண்டு வீட்டுக்கும் ஒரே மதிப்பு. இன்றைய வளர்ப்பு வீட்டுச் சட்டங்கள் கேட்பதும் பெரும்பாலும் இதையேதான்.

3. கிடைக்காமற்போன வீடு

பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனம் (1989) தனது 20 ஆவது உறுப்புரையில், வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு வேறு வீடு தேடும்போது அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றை உரியவாறு கவனிக்க வேண்டும் என்கிறது. நோர்வே அச்சாசனத்தை 2003 இல் தன் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கியது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குழந்தைகள் நலச் சட்டமும் இதைச் சொல்வதோடு, முதலில் உறவினரிலும் நெருங்கிய வட்டத்திலும் யாராவது வளர்க்க முடியுமா என்று எப்போதும் பார்க்க வேண்டும் என்கிறது.

சட்டம் இருந்தும் என்ன நடக்கக் கூடும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. சோமாலியாவிலிருந்து வந்த இளம் தாய் ஒருவரின் குழந்தை, ஒரு வயது நிறைந்து சில மாதங்களுக்குள், 2010 இல் வளர்ப்பு வீட்டில் வைக்கப்பட்டது. சோமாலிய வீடோ முஸ்லிம் வீடோ வேண்டும் என்று தாய் கேட்டிருந்தார். தேடியும் அப்படியொரு வீடு கிடைக்கவில்லை. குழந்தை கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தது. பின்னர் அக்குடும்பமே தத்தெடுக்க நீதிமன்றம் 2015 இல் அனுமதித்தது. தாய், பிள்ளை தன் வேரை அறியும்படி தொடர்பாவது வேண்டும் என்று ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார். 2021 டிசம்பர் 10 இல் அதன் பேரவை, குடும்ப வாழ்வுக்கான அவரது உரிமை மீறப்பட்டது என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

தாய்க்கு நீதி கிடைத்தது. பிள்ளைக்கு அந்த வருடங்கள் திரும்பவில்லை. எந்த நீதிமன்றத்தாலும் "தேடியும் வீடு கிடைக்கவில்லை" என்ற வரியை மாற்ற முடியாது. அந்த வீட்டைச் சமூகந்தான் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் எமது கேள்வி வருகிறது. நாளை எமது பகுதியில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அவசரமாக வீடு தேவைப்பட்டால், தாய் நோயுற்றாலோ தகப்பன் குடியில் விழுந்தாலோ, பட்டியலில் எத்தனை தமிழ் வீடுகள் இருக்கும்? பார்னவார்ன்மீது எமக்குள்ள பயம் முழுவதும் ஆதாரமற்றது என்று நாம் சொல்லவில்லை. அந்நீதிமன்றம் வேறு வழக்குகளிலும் நோர்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் பயந்து ஒதுங்கி நின்றால், அம்மா என்ற சொல்லைத் தவிர வேறு மொழி தெரியாத மூன்று வயதுப் பிள்ளை, தன்னுடன் தமிழில் பேச ஒருவருமில்லாத வீட்டில் படுக்கப் போகும். சில வருடங்களில் தாய் பார்க்க வரும்போது இருவருக்கும் பொதுவான மொழி இராது.

4. எமது வீடு தகுதியுடையதா?

பெரிய வீடு, பெரிய சம்பளம் வேண்டும் என்பதில்லை. பார்க்கப்படுபவை இவை:

• பிள்ளைக்குக் கொடுக்க நேரமும் மனத்தெம்பும் உண்டா. இருவரும் இரவு வேலை, வார இறுதியில் இரண்டாவது வேலை என்றால், முதலில் அதைத்தான் யோசிக்க வேண்டும்.
• நிலையான வாழ்க்கை, பொதுவாக நல்ல உடல்நலம், போதிய பொருளாதாரம், ஏற்ற வீடு, உதவிக்கு உறவோ நட்போ. தனியாக வாழ்பவரும் விண்ணப்பிக்கலாம்.
• பொலிஸ் நன்னடத்தைச் சான்று.
• மற்றவர்களுடன் சேர்ந்து இயங்கும் குணம். பார்னவார்ன், பாடசாலை, பெற்ற தாய் தகப்பன் எல்லோருடனும் பேச வேண்டும்.

அதன்பின் பயிற்சி வகுப்பும் வீட்டு விசாரணையும் உண்டு. ஒஸ்லோவில் வளர்ப்பு வீடுகளைத் தேடுவதும் பயிற்றுவதும் மாநகராட்சியின் வேலை. நாட்டின் ஏனைய இடங்களில் அது 'புஃப்எதாத்' என்னும் அரச நிறுவனத்தின் பொறுப்பு. பிள்ளை வந்தபின் செய்யும் வேலைக்கு ஒரு கொடுப்பனவும், பிள்ளையின் செலவுக்கு வேறொன்றும் தருவார்கள். முதலாவதற்கு வரி உண்டு, இரண்டாவதற்கு இல்லை. பார்னவார்ன் வருடத்தில் நான்கு தடவையாவது வீட்டுக்கு வரும். சில நிலைமைகளில் அது குறைக்கப்படலாம். இதைவிட, பிள்ளையின் நலனைப் பார்க்கத் தனியாக ஒரு மேற்பார்வையாளரும் வருவார். இதை அவமானமாக எண்ணாதீர்கள். அந்த வருகை எமக்காக அன்று, பிள்ளைக்காக.

5. தத்தெடுக்க விரும்புவோருக்கு

இங்கே பிறந்த கைக்குழந்தையைத் தத்தெடுக்கும் வாய்ப்பு மிக அரிது. ஆகவே பலரும் ஊரைப் பார்க்கின்றனர். ஊரிலிருந்து எடுப்பதற்கு முன் இரண்டு விடயங்கள் மனதில் இருக்கட்டும்.

ஒன்று, நோர்வேயில் வசிப்பவர் வெளிநாட்டில் தத்தெடுக்குமுன் நோர்வே அதிகாரிகளின் முன்சம்மதம் பெற வேண்டும். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றக் கட்டளை எடுத்துவிட்டு, "தம்பியின் பிள்ளைதானே, கூட்டி வரலாம்" என்று இங்கு வந்து நின்றால் அது செல்லாது. பெறாமகன், பெறாமகள் என்றாலும் விதி அதுவே. விதிகள் மாறி வருவதால், பணம் எதுவும் கொடுக்குமுன் 'புஃப்டிர்' பணியகத்தில் நேரே கேளுங்கள். எழுத்தில் பதில் பெறுங்கள்.

இரண்டு, "அநாதை" என்று சொல்லப்படும் பிள்ளை எல்லாம் அநாதை அல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது கல்முனை மருத்துவமனைக்கு 81 ஆவதாகக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தையை நினைவிருக்கும். தமது பிள்ளை என்று உரிமை கோரியவர்களிடம் உடனே கொடுக்காமல் நீதிமன்றம் மரபணுப் பரிசோதனை செய்வித்தது. 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது. யாராவது இரக்கப்பட்டு அவசரமாகத் தூக்கிச் சென்றிருந்தால்? 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பல குழந்தைகளின் ஆவணங்கள் பொய்யானவை என்று பின்னர் தெரியவந்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக்குழுவும் இலங்கையில் நடந்த முறைகேடுகளைச் சுட்டியது. நோர்வே அரசும் 2023 இல் தன் பழைய தத்தெடுப்புகளை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. இவற்றைத் தடுக்க எழுந்ததே 1993 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. அதை முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று.

6. மறைக்கலாமோ?

"பிள்ளைக்குச் சொல்லாமல் வளர்த்தால் நல்லது" என்று எம்மவர் சிலர் அறிவுரை சொல்வர். நோர்வேச் சட்டப்படி, தத்தெடுத்த பிள்ளைக்கு உண்மையைத் தக்க வேளையில் சொல்வது பெற்றோரின் கடமை. பதினெட்டு வயதானதும் தன்னைப் பெற்றவர் யார் என்று கேட்டறியப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

மறைப்பது எமது மரபும் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுத்து எழுதப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் தத்தெடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. உறவினரின் சம்மதம் கேட்டு, சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள்நீர் குடித்துப் பிள்ளையை ஏற்றனர். நாலு பேர் அறியச் செய்த காரியம் அது. இரகசியம் பிற்காலத்து வெட்கத்தால் வந்தது.

ஆனால் வளர்ப்புப் பிள்ளையின் குடும்பக் கதை வேறு விடயம். அப்பிள்ளையின் தாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. வளர்ப்புப் பெற்றோர் இரகசியம் காக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்கள். எமது சமூகம் சிறியது. ஆலயத்தில் புதுப் பிள்ளையைக் கண்டால், "இது ஆர்ட பிள்ளை?" என்ற கேள்வி அரை மணித்தியாலத்தில் எழும். அதைக் கேட்காமல் இருப்பதும் ஒரு தொண்டுதான். ஒரு லட்டைக் கையில் கொடுத்து, பெயரை மட்டும் கேளுங்கள்.

7. சிறிதாகத் தொடங்கலாம்

முழுநேரப் பொறுப்பு எல்லோருக்கும் இயலாது. 'பெசோக்ஸ்யெம்' என்ற முறையில், பெரும்பாலும் மாதத்தில் ஒரு வார இறுதி மட்டும் ஒரு பிள்ளையை வரவேற்கலாம். தனியாகத் திணறும் தாய்க்கு அந்த இரண்டு நாள் ஓய்வு, பிள்ளை வீட்டை விட்டுப் பிரியாமலே காக்கக் கூடும். ஹவுகன்ஸ்டுவாவில் இருப்பவர்கள் ஸ்டொவ்னர் பீடெலின் பார்னவார்னில் இதைப்பற்றி விசாரிக்கலாம். விசாரிப்பதால் எவரும் எதற்கும் கட்டுப்பட மாட்டார்.

அந்தத் தம்பதியருக்கும் இதையே சொன்னோம். முதலில் வார இறுதி வீடாகச் சில மாதம் இருந்து பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார்கள். அது அவர்கள் கேட்டுவந்த பிள்ளை அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். "அந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று எப்படி அறிவது?" என்று அந்த அம்மா போகும்போது கேட்டார்.

வீட்டில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. பிள்ளை எமக்காக வேண்டுமா, பிள்ளைக்காக நாம் வேண்டுமா? கணவன் மனைவி இருவரும் தனித்தனியே எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள்.
2. பிள்ளை திரும்பிப் போகும் நாளில் அதன் உடுப்புகளை அன்புடன் அடுக்கிக் கொடுக்க எம்மால் முடியுமா?
3. வீட்டில் ஏற்கெனவே உள்ள பிள்ளைகளிடம் கேட்டோமா?
4. பெற்ற தாயைப் பற்றிப் பிள்ளையின் முன் மரியாதையாகப் பேச எம்மால் முடியுமா?
5. வளர்க்க எம்மால் முடியாவிட்டால், வளர்க்கும் குடும்பத்துக்கு எவ்வாறு துணை நிற்போம்?