மின்தடையும் சர்வர் கோப்புகளின் பாதுகாப்பும்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வட இந்திய மின் தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலத் தொகுப்புகளும் ஒருங்கே வீழ்ந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பரப்பில் மின்சாரம் நின்றது. இத்தகைய பெருந்தடை அரிது. ஆயினும், கள அலுவலகத்திலோ பள்ளியின் கணினி அறையிலோ உள்ள ஒரு சர்வரைப் பொறுத்தமட்டில், நாடு பாதி இருண்டாலும் அக்கட்டடத்தின் பியூஸ் மட்டும் போனாலும் விளைவு ஒன்றேயாகும். ஓராண்டாகக் குறித்து வந்த மழையளவுகளும் மாணவர் மதிப்பெண்களும் உள்ளே இருக்க, மின்சாரம் திரும்பிய பின்னரும் இயந்திரம் எழாமற் போகக்கூடும்.

வன்தட்டில் ஏற்கெனவே பதிந்தவை மின்சாரம் நின்றதனால் அழிவதில்லை. எழுதி முடியாமல் இடையில் நின்றவற்றாலேயே கேடு விளைகிறது. ஒரு கோப்பைச் சேமிக்குமாறு பணித்தவுடன் அது தட்டிற்குச் சென்றுவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது முதலில் நினைவகத்தில் தங்குகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பில், இவ்வாறு தங்கும் செய்தி தட்டிற்கு அனுப்பப்பெறுமுன் 30 விநாடி வரை காத்திருக்கலாம். தட்டினுள்ளும் சிறு தற்காலிக நினைவகம் ஒன்று உண்டு. மின்சாரம் நின்றால் அதுவும் வெறுமையாகும்.

மேலும், கோப்பு ஒன்று வளரும்போது தட்டில் ஓரிடத்தில் மட்டும் எழுதினால் போதாது. உள்ளடக்கம் ஓரிடத்திலும், கோப்பின் அளவும் இருப்பிடமும் மற்றோரிடத்திலும், காலியிடங்களின் கணக்கு வேறோரிடத்திலும் மாற்றப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று மாறி மற்றொன்று மாறாத நொடியில் மின்சாரம் போயின், ஏற்கெனவே ஒரு கோப்பிற்குரிய இடம் காலியென்று கணக்கில் நிற்கும். பின்னர் வேறொரு கோப்பு அதன்மேல் எழுதப்படும்.

இதற்குக் கண்ட பரிகாரம் நம் வணிகர் நெடுங்காலமாகக் கையாளும் முறையை ஒத்தது. அவர்கள் ஒவ்வொரு வரவு செலவையும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பின்னரே பேரேட்டில் பதிவர். 2001-இல் லினக்ஸில் இடம்பெற்ற எக்ஸ்ட்3 என்னும் கோப்பு முறையும், 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 முறையும் இவ்வாறே தட்டின் ஒரு பகுதியைக் குறிப்பேடாக ஒதுக்குகின்றன. மீண்டும் இயங்கும்போது, குறிப்பேட்டில் முழுமையாக உள்ள பதிவுகள் நிறைவேற்றப்படும், அரைகுறையானவை தள்ளப்படும். ஆசிரியர்கள் இதனை இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டே வகுப்பில் விளக்கிக் காட்டலாம்.

ஆனால் குறிப்பேட்டை அளவுக்கு மீறி நம்புதல் கூடாது. இயல்பான அமைப்பில் அதில் பதிவது கோப்புகளைப் பற்றிய விவரமே. உள்ளடக்கம் அதில் ஏறுவதில்லை. 2009-இல் எக்ஸ்ட்4 முறையை முதலில் ஏற்றோருட் சிலர், மின்தடைக்குப் பின் தம் அமைப்புக் கோப்புகள் பெயரளவில் மட்டும் இருந்து, உள்ளே ஒன்றுமின்றி வெறுமையாகக் கிடக்கக் கண்டனர். இதனைத் தவிர்க்க, நிரல் எழுதுவோர் பழைய கோப்பின்மேல் நேரே எழுதலாகாது. புதியதை வேறு பெயரில் எழுதி, அது தட்டிற் பதியுமாறு வற்புறுத்தி, அதன் பின்னரே பழைய பெயரை அதற்கு இடுதல் வேண்டும். அப்போது பழையதோ புதியதோ ஒன்று முழுமையாகக் கிடைக்கும்.

இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகள் பெரும்பாலும் மேம்படுத்தலின்போதே மாறுகின்றன. ஆதலின் மின்சாரம் நிலையற்றிருக்கும் வேளையில் மேம்படுத்தலைத் தொடங்குவது ஆபத்தை வலிந்து அழைப்பதாகும். மற்ற நாட்களில் அக்கோப்புகள் உள்ள பகுதியை 'வாசிப்பு மட்டும்' என்ற நிலையில் வைத்து, நாள்தோறும் எழுதப்படுவனவற்றைத் தனிப் பகுதிக்கு மாற்றலாம். பள்ளிகளில் உள்ள ராஸ்பெரி பை போன்ற, நினைவட்டையில் இயங்கும் சிறு கணினிகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது.

யூ.பி.எஸ். பொருத்தியிருப்பதனாலேயே கவலை தீர்ந்தது என்பர். மின்கலம் தீர்ந்தபின் சர்வர் திடீரென நிற்குமாயின், கேடு சில நிமிடங்கள் தாமதமாக நேர்ந்தது என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. யூ.பி.எஸ். கருவியை யூ.எஸ்.பி. கம்பியால் சர்வருடன் இணைத்து, மின்கலம் குறையும்போது சர்வர் தானே முறைப்படி நிற்குமாறு அமைத்தலே இன்றியமையாதது. வீட்டு இன்வர்ட்டர்கள் பலவற்றில் இத்தகைய இணைப்பு இல்லை. அன்றியும், அவற்றுள் பலவற்றில் 'சாதாரணம்', 'யூ.பி.எஸ்.' என இரு நிலைகள் கொண்ட விசை உண்டு; அது சாதாரண நிலையில் இருப்பின், விளக்குகள் ஒருமுறை சிமிட்டும் நேரத்தில் கணினி நின்றுவிடலாம். அவ்விசையை ஒருமுறை பார்த்துவிடுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

மின்சாரம் திரும்பியவுடன் சர்வர் தானே எழுமாறு அமைப்பதும் நன்றன்று. திரும்பிய மின்சாரம் இரண்டொரு முறை வந்து போவது வழக்கம். அவ்வேளையில் இயந்திரம் பழுது பார்க்கும் பணியில் இருந்தால் இரண்டாம் அடி அதன்மேல் விழும். மின்சாரம் நிலைத்தபின் கையால் இயக்குதலே நலம்.

எழாத சர்வரைக் கையாளும்போது, இழக்கலாகாத செய்தி அதில் இருக்குமாயின், முதலில் தட்டு முழுவதையும் வேறொரு தட்டிற்குப் படியெடுத்தல் வேண்டும். சோதித்துத் திருத்தும் எஃப்.எஸ்.சி.கே. என்னும் நிரலை அதன் பின்னரே இயக்கலாம். பயன்பாட்டில் உள்ள பகுதியின்மீது அதனை ஒருபோதும் இயக்கலாகாது. அந்நிரல் உரிய அடைவு அறியப்படாத கோப்புகளை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்னும் அடைவில் எண்களையே பெயராக இட்டு வைக்கும். பெயரின்மையால் குப்பையென்று எண்ணி அவற்றை நீக்கிவிடுவோர் உளர். காணாமற் போன மழையளவுப் பட்டியல் அவ்வெண்களுள் ஒன்றாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தே அதனை இனங்காணல் இயலும்.