ஒரே மணிக்கு ஐம்பது அறை: விவிலிய மாநாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

விவிலிய ஆய்வுலகின் பெருங்கூட்டம் ஆண்டுதோறும் நவம்பரில் அமெரிக்காவில் நடக்கிறது. 1880-இல் தொடங்கிய விவிலிய இலக்கியச் சங்கம் (எல்லோரும் ‘எஸ்.பி.எல்.’ என்றே சொல்வார்கள்) நடத்தும் ஆண்டுக் கூட்டம் அது. ‘தேங்க்ஸ்கிவிங்’ விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கிச் செவ்வாய் வரை போகும். சமய ஆய்வாளர்களின் சங்கமான ‘ஏ.ஏ.ஆர்.’ என்பதும் அதே ஊரில் அதே நாட்களில் கூடும். நடுவில் 2008 முதல் மூன்று ஆண்டுகள் இரண்டும் தனித்தனியே கூடிப் பார்த்துவிட்டு, 2011-இல் சான் பிரான்சிஸ்கோவில் மறுபடி சேர்ந்துகொண்டன. சேர்ந்ததில் நமக்கு லாபம்தான், ஆனால் நிகழ்ச்சி நிரல் தலை சுற்ற வைக்கும். ஊரிலேயே உட்கார்ந்து ஒரு மாலை செலவழித்துத் திட்டம் போட்டுக்கொண்டு போகிறவர்களே பிழைப்பார்கள்.

1. அமர்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அமர்வு பெரும்பாலும் இரண்டரை மணி நேரம். அதில் நாலைந்து பேர் வாசிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதில் ஒன்றோ இரண்டோதான். நிரலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். கூட்டிப் பாருங்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கி ஆளுக்கு அரை மணி என்றால் மூன்றாமவர் பத்து மணிக்கு எழுந்து நிற்பார். தலைவரின் அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமர்வின் பெயரை எழுதாமல், ‘10.00, இந்த அறை, இவர்’ என்று எழுதி வையுங்கள். இரண்டு அமர்வுகளில் பாதிப் பாதி கேட்பது தவறே இல்லை. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

2. அமர்வு எண்களைப் படிக்கப் பழகுங்கள். எஸ் என்று தொடங்கினால் எஸ்.பி.எல். அமர்வு, ஏ என்றால் ஏ.ஏ.ஆர்., பி என்றால் இணைந்து கூடும் சிறு சங்கங்கள், எம் என்றால் வரவேற்பு, விருந்து, பழைய மாணவர் சந்திப்பு போன்ற கூட்டங்கள். அடுத்து வரும் எண் தேதி. சிறு சங்கங்கள் சில வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும். சனி காலை வந்து இறங்குகிறாற்போல் டிக்கெட் போடுகிறவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

3. பிரிவின் பெயரை வைத்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும். உங்கள் ஆய்வு ரோமர் 9–11 அதிகாரங்கள் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். பவுலின் நிருபங்களுக்கான பிரிவுக்கு யாரும் சொல்லாமலே போவீர்கள். ஆனால் பவுலை யூத சமயத்துக்குள்ளேயே நிறுத்திப் படிக்கும் குழு ஒன்று தனியாக இருக்கிறது. அந்த மூன்று அதிகாரங்கள் இல்லாமல் அவர்களுக்குப் பொழுது போகாது. பவுல் அங்கே ஏசாயாவை அடிக்கடி மேற்கோள் காட்டுவதால், கிரேக்கப் பழைய ஏற்பாட்டை ஆராய்கிறவர்களின் அறையிலும் உங்களுக்கு வேண்டிய கட்டுரை ஒளிந்திருக்கலாம். ‘இஸ்ரவேலின் தெரிந்துகொள்ளுதல்’ என்ற பேச்சு ஏ.ஏ.ஆர். பக்கத்து இறையியலாளர்களிடமும் ஓடும். ஆகவே இணையத் திட்டப் பக்கத்தில் நூலின் பெயர், அதிகார எண், இரண்டு மூன்று முக்கியச் சொற்கள் என்று தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். கிடைத்தவற்றின் சுருக்கங்களைப் படியுங்கள். தலைப்பில் கேள்விக்குறியும் சுருக்கத்தில் ‘ஆராய முயல்கிறேன்’ என்பதும் மட்டுமே இருந்தால், ஆசிரியர் கட்டுரையை இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்று அர்த்தம். அதை இரண்டாம் விருப்பமாக வையுங்கள்.

4. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு முதல் விருப்பம், அதே கட்டடத்தில் ஒரு மாற்று. மூன்றாவது வேண்டாம்.

5. ‘அதே கட்டடத்தில்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அமர்வுகள் மாநாட்டு மையத்திலும் சுற்றியுள்ள ஓட்டல்களிலுமாகச் சிதறிக் கிடக்கும். 2019, 2024 ஆண்டுகளில் கூட்டம் நடந்த சான் டியேகோவில் மாநாட்டு மையமே கடற்கரையோரம் நீண்டு கிடக்கும் கட்டடம். அதன் ஒரு முனையில் ஹில்டன், மறு முனையில் மாரியட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேகமாக நடந்தாலே பத்துப் பதினைந்து நிமிடம், வழியில் தெரிந்தவர் யாரும் நிறுத்திப் பேசாமல் இருந்தால். கட்டுரைக்குக் கட்டுரை தாவுகிறவர்கள் வரைபடத்தை நிரலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும்.

6. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் நம் ஊர் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் சான் டியேகோ நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பது மணி அமர்வு, உடம்புக்கு இரவு பத்தரை. மதியம் ஒரு மணி அமர்வு, நள்ளிரவு தாண்டி இரண்டரை. அந்த நேரத்தில் உகரித்து மொழி வினைச்சொற்களைப் பற்றி யார் வாசித்தாலும் கண் சொருகும். முதல் இரண்டு நாள் முக்கியமானதைக் காலையில் வைத்துக்கொண்டு, மதியத்தை நடப்பதற்கும் புத்தகக் கூடத்துக்கும் விடுங்கள். பாஸ்டன் போன்ற கிழக்குக் கரை ஊர் என்றால் வித்தியாசம் பத்தரை மணி. அங்கே மாலை நாலு மணி அமர்வுதான் கண்ணி.

7. புத்தகக் கூடத்துக்குத் தனியாக ஒரு வேளை ஒதுக்குங்கள். கூடம் பகலில்தான் திறந்திருக்கும், அமர்வுகளும் பகலில்தான். ‘இடையில் எட்டிப் பார்க்கலாம்’ என்று நினைத்தால் நடக்காது. பிரில், ஏர்ட்மன்ஸ், பேக்கர், மோர் சீபெக் என்று பதிப்பகங்கள் வரிசையாகக் கடை போட்டிருக்கும், மாநாட்டுத் தள்ளுபடியும் உண்டு. எடை பார்த்து வாங்குங்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து விளக்கவுரைகளைக் கைப்பைக்கு மாற்றும் பேராசிரியர்களை எந்த ஆண்டும் காணலாம்.

8. புதிதாகப் போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு, நூல் மதிப்பாய்வு அமர்வுகள். அண்மையில் வந்த ஒரே நூலைப் பற்றி மூன்று நான்கு பேர் பேசுவார்கள். நூலாசிரியர் அங்கேயே உட்கார்ந்திருந்து கடைசியில் பதில் சொல்வார். ஒரு துறையில் யாருக்கும் யாருக்கும் வழக்கு, எதன்மேல் வழக்கு என்பது இரண்டரை மணி நேரத்தில் விளங்கிவிடும். தனிக் கட்டுரைகள் பத்துக் கேட்டாலும் இது கிடைக்காது. அந்த நூலின் முன்னுரையை மட்டுமாவது முதல் நாள் இரவு படித்துவிட்டுப் போங்கள்.

9. ‘கட்டுரைகள் முன்கூட்டியே அனுப்பப்படும்’ என்று போட்டிருந்தால், படிக்காமல் போக வேண்டாம். அங்கே சுருக்கம் சொல்லிவிட்டு நேரே விவாதத்துக்குப் போய்விடுவார்கள்.

10. எஸ்.பி.எல். தலைவரின் உரை பிறகு சங்கத்தின் ஆய்விதழில் அச்சாகிவிடும். ஆகவே நேரம் முட்டினால் விட்டுவிடலாம். ஆனாலும் ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்பேன். 1987-இல் சங்கத்தின் முதல் பெண் தலைவரான எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா, விவிலிய விளக்கத்துக்கு அறப்பொறுப்பு உண்டு என்று ஆற்றிய உரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

11. நாளுக்கு ஒரு வேளையாவது உங்கள் துறைக்கு வெளியே போய் உட்காருங்கள். பழைய ஏற்பாட்டு இலக்கணக்காரர் ஆசிய வாசிப்புகளுக்கான அமர்வுக்குப் போகலாம். இலங்கையில் பிறந்த ஆர். எஸ். சுகிர்தராஜா 1991-இல் தொகுத்த ‘வாய்சஸ் ஃப்ரம் த மார்ஜின்’ நூலைப் படித்தவர்களுக்கு அங்கே பேசப்படுவது பாதி தெரிந்த கதையாக இருக்கும். மீதிப் பாதிக்காகத்தான் போவது.

12. கதவுக்குப் பக்கத்து ஓர நாற்காலி. எழுந்து போவது கைதட்டலின்போது மட்டும்.

13. கட்டுரையாளரிடம் பேச வேண்டும் என்றால் அடுத்த வேளையைக் காலியாக வையுங்கள். பொதுக் கேள்வி நேரம் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. அதிலும் கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்றும் பெரியவர் ஒருவர் எல்லா அறையிலும் இருப்பார். அமர்வு முடிந்தபின் மேசையருகே போய், உங்கள் ஆய்வை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். காபிக்கு அழைத்தால் போங்கள். அடுத்த அமர்வு போனால் போகட்டும்.

14. செவ்வாய்க் காலை வைத்த அமர்வுகளுக்கு ஆள் குறைவு. பெரிய பெயர்கள் விமானம் ஏறியிருப்பார்கள். ஆனால் ஏழெட்டுப் பேர் மட்டுமே இருக்கும் அறையில் வாசிக்கிற இளம் ஆய்வாளர் உங்கள் கேள்விக்குக் கால் மணி நேரம் பதில் சொல்வார். புத்தகக் கூடத்தில் காட்சிப் பிரதிகளை மலிவாகத் தள்ளிவிடுவதும் அன்றைக்குத்தான். ஓட்டல் அறையைக் காலையிலேயே காலி செய்து, பெட்டியை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். வாங்கும் புத்தகங்களுக்குக் கொஞ்சம் இடமும் விட்டு வையுங்கள்.