மேட்டுப்பாளையம் மலை ரயில் அருங்காட்சியகம் – ஒரு கல்விப் பயணம்

முன்னுரை

வரலாறு என்றவுடன் அரண்மனையும் கல்வெட்டும் கோயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் பயன்படுத்திய எந்திரங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இக்குறையைப் போக்கிக்கொள்ளும் எண்ணத்துடன் வரலாற்றுத்துறை மாணவர் சிலர், விரிவுரையாளர் ஒருவருடன் மேட்டுப்பாளையம் சென்றோம். காலை 7.10-க்குப் புறப்படும் மலை ரயிலையும் காண வேண்டி, முந்தைய மாலையே திருப்பூரிலிருந்து புறப்பட்டோம்.

பாதை பிறந்த வரலாறு

சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்தில் நம் பகுதி வழியாக அமைந்தது. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கிளைப்பாதை வந்தது. அதற்குமேல் மலையேற மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே துணை. மலைப்பாதைக்கான வேலை 1891-இல் தொடங்கியது. முதலில் முயன்ற கம்பெனி பணமின்றி நொடித்துப்போக, மற்றொரு கம்பெனி வேலையை முடித்தது. 1899 ஜூன் மாதம் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் ரயில் ஓடலாயிற்று. மொத்த நீளம் சுமார் 46 கிலோமீட்டர், குகைகள் 16, பாலங்கள் 250.

பற்சக்கரத்தின் வேலை

ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள அருங்காட்சியகம் சிறியதுதான். எனினும் அங்குள்ள பழைய படங்களையும் கருவிகளையும் பார்த்துவிட்டு வண்டியருகே சென்றபோது பாடம் எளிதாக விளங்கியது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடும்போது உராய்வு குறைவு. சமதளத்தில் இது நன்மை. மலையில் இதுவே தொல்லை. பம்பாய்–பூனா வழியிலுள்ள செங்குத்தான போர்க்கணவாயிலேயே ஏற்றம் 37-க்கு 1 தான். கல்லாறு முதல் குன்னூர் வரையிலோ 12-க்கு 1. அதாவது 12 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும்.

இதற்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட வழி இதுதான்: இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்களுள்ள இரண்டு இரும்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பதிப்பது. ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். ஆகவே எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்களின் பிடி ஒரு கணமும் விடுவதில்லை. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில், அவற்றில் பயன்பட்டு வெளிவரும் நீராவியே மற்ற இரண்டுக்கும் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது.

எஞ்சின் பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னிருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாமல் காக்கவே இந்த ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் நின்று கைப்பிரேக்கைக் கவனிக்கிறார்.

பொன்மலை தந்த பாடம்

இவ்வழியில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. 1952-இல் வந்தவையே அங்கிருந்து வந்த கடைசி எஞ்சின்கள். அவை தேய்ந்தபோது புதிதாக வாங்க இடமில்லை. எனவே திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்களே அவ்வகை எஞ்சின்களைப் புதிதாகச் செய்யலாயினர். 2011 முதல் அவை மலையேறுகின்றன. இடைவிடாது பழுது பார்த்து வந்த கைகளுக்குத்தான் இது இயலும் என்பது என் கருத்து. இப்பாதை 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. எஞ்சினைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல் ஓட்டிக்கொண்டே காத்தது இதன் தனிச்சிறப்பு.

நம் ஊரின் நிலை

இதை எண்ணும்போது திருப்பூரின் நிலை கவலை தருகிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கையால் சுற்றும் பின்னல் எந்திரங்களுடன் இங்கே பனியன் தொழில் தொடங்கியது. இன்று உலகெங்கும் நம் ஆடைகள் செல்கின்றன. ஆனால் அப்பழைய எந்திரங்கள் எங்கே? புது எந்திரம் வந்ததும் பழையது எடைக்கு எடை இரும்புக் கடைக்குப் போகிறது. அதை ஓட்டிய முதியவர்களோ நம் தெருக்களிலேயே வாழ்கிறார்கள். ஊசி உடைந்தால் ஓசையிலேயே கண்டுபிடிக்கும் அவர்களது அறிவு எந்த நூலிலும் இல்லை. அவர்களுக்குப்பின் அதை யாரிடம் கேட்பது?

முடிவுரை

பெரிய கட்டடம் எழுப்ப நம்மால் இயலாது. ஆனால் நம் துறையில் ஓர் அறை, அதில் ஒரு பழைய பின்னல் எந்திரம், சில புகைப்படங்கள், முதிய தொழிலாளர்களிடம் கேட்டெழுதிய ஒரு குறிப்பேடு – இவை இயலும். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெற்றோர் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களிடம் கேட்பதிலிருந்தே தொடங்கலாம். இவ்வாண்டே இதனைத் தொடங்க விரிவுரையாளர்களும் மாணவ நண்பர்களும் துணைநிற்க வேண்டுகிறேன்.