காலத்தே வந்த சொல்

காவிரியின் கிளைகள் கடலொடு கலக்கும் கரையில், காரைக்கால் வட்டாரத்தின் வடபகுதியில் அமைந்த ஊர் பூவம். அதற்கு வடக்கே, அதே கரையில், பழம்புகழ் பெற்ற புகார் நகரம் விளங்கிற்று. அந்நகரைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறுகின்றது. கடல் பொங்கி ஊர்களை விழுங்குவதை நம் முன்னோர் 'கடல்கோள்' என வழங்கினர். அச்சொல் நூல்களில் நிலைத்தது. அது உணர்த்திய பாடமோ கரையில் வாழ்ந்தோர் நினைவினின்றும் நீங்கிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில், சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் பெரியதொரு நிலநடுக்கம் நேர்ந்தது. கடற்படுகை மேலெழவே, அதன்மேல் நின்ற நீர்த்திரள் நிலைகுலைந்து அலையாகப் பரவிற்று. இத்தகைய அலை ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் செல்லும்; ஆயினும் உயரம் குறைவாதலின் கப்பலில் செல்வோரும் அதனை உணரார். கரையை நெருங்க நெருங்க வேகம் தளரும், உயரம் ஓங்கும்.

அவ்வலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. உயிர்களைக் காக்க அக்காலம் போதுமானதே. எனினும், இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலையை முன்னறிவிக்கும் அமைப்பு அந்நாளில் இல்லை. காரைக்கால் கடற்கரையில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வலையும் படகும் வீடும் இழந்தோர் பலர்.

அதே நாளில், நிலநடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் இருந்த சிமலூ என்னும் தீவில் நிகழ்ந்தது வியப்புக்குரியது. இந்தோனேசிய நாட்டைச் சேர்ந்த அத்தீவை 1907ஆம் ஆண்டிலும் ஓர் ஆழிப்பேரலை தாக்கிப் பலரைக் கொன்றது. தப்பியோர் அத்துயரைத் தம் மக்களுக்குச் சொல்லினர். அம்மக்கள் தம் மக்களுக்குச் சொல்லினர். "நிலம் பலமாக நடுங்கிய பின் கடல் உள்வாங்கினால், பொருளைத் தேடாதே, மேட்டை நோக்கி ஓடு" என்பதே அதன் சாரம். அவ்வலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'சிமோங்'. 2004இல் நிலம் நடுங்கியதும் அச்சொல்லைக் கூவிக்கொண்டே, முதியோரைத் தாங்கியும் குழந்தைகளைச் சுமந்தும், குடும்பம் குடும்பமாக மக்கள் குன்றேறினர். சில நிமிடங்களில் கடல் வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவரே என்பர். அவர்களைக் காத்தது கருவியன்று. பாட்டன் பாட்டியர் வாய்மொழியே.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரைக் காத்ததும் காலத்தே வந்த ஒரு சொல்லே. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூர்த் தீவில் வேலை செய்துவந்தார். பேரலைச் செய்தியை அங்கே அறிந்த அவர், உடனே தம் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் புகத் தொடங்கியதை வீட்டார் கூறினர். "வீட்டை விட்டு வெளியேறுங்கள், ஊராருக்கும் உரையுங்கள்" என்று அவர் வற்புறுத்தினார்.

தம் குடும்பம் தப்பினாற் போதுமென அவ்வீட்டார் எண்ணினாரல்லர். செய்தி ஊராரை எட்டிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அவ்வூரில் ஓர் அறிவு மையம் நடந்துவந்தது. கடலின் நிலையை மீனவர்க்கு அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி இருந்தது. பூட்டியிருந்த கதவை உடைத்து உட்புகுந்த ஊரார், அதன் வழியே எச்சரிக்கை முழங்கினர். ஏறத்தாழ 3,600 மக்கள் மேட்டுநிலம் சேர்ந்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் பிழைத்தன.

2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளும், கடலடி நீரழுத்தத்தை உணரும் கருவிகளும் அதற்குத் துணை செய்கின்றன. ஆயினும் கருவி அறிந்ததைக் கரையிலுள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டு சேர்ப்பவர் மனிதரே. கேட்டவர் அயலாருக்கு உரைக்க வேண்டும். உரைத்தவுடன் புறப்பட வேண்டும். முதல் அலை தணிந்ததும் திரும்புதல் கூடாது. பின்வரும் அலை அதனினும் பெரிதாகலாம்.

கடலைத் தடுக்க மனிதனால் இயலாது. கடல் வருமுன் அயலான் கதவைத் தட்ட அவனால் இயலும். அறிந்ததைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கு உரைப்பவனே ஊரைக் காப்பவன் ஆவான்.