அரிசி இருந்தும் வரும் பசி

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் நின்றவை ஜீப்புகள்தாம். விடியுமுன் அவற்றில் கிளம்பி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாய வீடு திரும்பும் கூலிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். எல்லை மூடியதும் அன்றாடக் கூலி நின்றது. வாங்க ஆளில்லாமல் பன்னீர் திராட்சை கொடியிலேயே வீணானது. தோட்டத்தில் விளைச்சல் இருந்தது, வீட்டில் காசு இல்லை.

அரிசி வந்தது என்பது உண்மை. ரேஷனில் விலையில்லா அரிசி, ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று அரசு கொடுத்தது. அதனால் பானை காலியாகவில்லை. ஆனால் குழம்பில் பருப்பு குறைந்தது, தட்டில் முட்டை காணாமல் போனது. இதை மறைபசி (வயிறு நிறைந்தும் இரும்புச்சத்து, வைட்டமின்கள் போதாத நிலை) என்கிறோம். அடுத்த நோய்க்காலத்திலும் இதுவே முதலில் வரும்.

அடையாளம் காண்பது கடினமல்ல. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தாய்தான், காலை உணவு வெறும் டீயாக இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவை அங்கன்வாடியில் அளக்கச் சொல்லுங்கள். 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் ஊட்டம் குறைகிறது. 11.5 செ.மீ.க்குக் கீழே போனாலோ, இரு பாதங்களும் வீங்கி, அழுத்திய இடத்தில் குழி விழுந்தாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவர் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரை மட்டும் போட்டால் தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது) வரலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பதற்றத்தில் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி அரிசியை மூட்டை மூட்டையாக அடுக்க வேண்டாம். சித்த மருத்துவக் கஷாயமான கபசுரக் குடிநீர் உணவாகாது. பால் போதவில்லை என்று ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டுவது ஆபத்து. தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலும் முகக்கவசம் அணிந்து பால் கொடுக்கலாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாதீர்கள்; கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இருப்பதைக் கொண்டே செய்யலாம். ரேஷன் அரிசி மூன்று பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு சேர்த்துக் குழைய வேகவைத்து, இறக்கும்போது இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு கரண்டி பாமாயில் விடுங்கள். முருங்கைக்கு இங்கே பஞ்சமில்லை. எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடலில் சேரும், கூடவே டீ குடித்தால் அது குறையும். அங்கன்வாடிச் சத்துமாவு குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் உரியது. பெரியவர்கள் பசித்திருந்தால் அது பங்கு போகத்தான் செய்யும். குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர்கள் தட்டையும் நிரப்ப வழி பாருங்கள்.

அந்த வழி தெருவில்தான் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஒரு நோட்டில் மூன்று வகை வீடுகளை எழுதிவைக்கலாம்: அட்டை இல்லாத வாடகைக் குடும்பம், தனியாக வாழும் முதியவர், தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள். மணமாகியும் பெற்றோர் அட்டையிலேயே பெயர் இருக்கும் இளந்தம்பதிகளே பெரும்பாலும் விடுபடுகிறார்கள். பெயர் நீக்கி, புது அட்டைக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தெருவுக்குப் பொதுவாகச் சமைப்பதானால் காய்ச்சல், இருமல் உள்ளவர் அடுப்பருகே வரக் கூடாது. கூடி உண்ணாமல் அவரவர் பாத்திரத்தில் வாங்கிப் போகட்டும். வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள். மறுநாள் அவர் வரமாட்டார்.

2020 அக்டோபர் முதல் தமிழக அட்டைதாரர் மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். மறுத்தால் 1967 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வாங்காத பொருள் வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருந்து, புகாரில் அதையும் சொல்லுங்கள்.